சந்துக் கதவின் சாவி

செல்விக்கும் மும்தாஜுக்கும்,

நாளை மறுநாள் சாவிக்கொத்து உங்கள் கைக்கு வந்துவிடும். அதில் பதினோரு சாவிகள் இருக்கும். பத்துக்குப் பூட்டு உண்டு. பதினோராவதற்குப் பூட்டைத் தேடி நீங்கள் இருவரும் விடுதி முழுக்க அலையக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நேரிலேயே சொல்லலாம். ஆனால் நேரில் பேசினால் நடுவில் யாராவது வெந்நீர் கேட்பார்கள், நான் எழுந்து ஓடுவேன், திரும்பி வரும்போது எதில் விட்டேன் என்பது மறந்துபோகும். இந்த வீட்டில் நான் பேசிய பேச்செல்லாம் பாதியில் நின்றவைதான்.

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெறுகிறவள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். அவருக்கு ஓசூருக்கு மாற்றல். மகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது. நல்ல பள்ளிக்கூடமா என்று இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் முறையும் போயிருப்பேன், அவர்தான் தடுத்தார். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவள்.

போன வாரம் செல்வி ஒரு கேள்வி கேட்டாள். "தங்கினவங்க நல்லா தங்கினாங்களான்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?" வருகையாளர் புத்தகத்தைப் பார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது சரியான பதில் இல்லை. அந்தப் புத்தகத்தில் எல்லோரும் நன்றாக இருந்தது என்றுதான் எழுதுவார்கள். பெட்டி வாசலுக்கு வந்துவிட்ட பிறகு, பேனாவை நீட்டிக்கொண்டு நீங்கள் எதிரில் நிற்கும்போது, வேறு என்ன எழுத முடியும்?

நான் சேர்ந்த வருஷம் பம்பாயிலிருந்து ஒரு வயதான தம்பதி நான்கு நாள் தங்கினார்கள். புத்தகத்தில் ஒரு பக்கம் நிறையப் புகழ்ந்து எழுதினார்கள். மறு வருஷம் இதே செங்கம் சாலையில் வேறொரு விடுதி வாசலில் அவர்களைப் பார்த்தேன். அந்த அம்மா சட்டென்று பூ வாங்குவதுபோல் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து இரவெல்லாம் யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது. அவர்கள் காலி செய்த அறையில், ஜன்னல் கதவுக்கும் நிலைக்கும் நடுவே, நாலாய் மடித்த செய்தித்தாள் ஒன்று செருகி இருந்தது. காற்றில் அந்தக் கதவு நான்கு இரவும் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவர்கள் என்னிடம் சொல்லவில்லை. அந்தச் செய்தித்தாள் சொன்னது. நான் அதைக் குப்பை என்று உருவிப் போட்டேன்.

அன்றிலிருந்து, ஆள் போன அறைக்குள் துடைப்பம் நுழையுமுன் நான் நுழைகிறேன். நாற்காலியை எங்கே நகர்த்தியிருக்கிறார்கள்? தலையணை எந்தப் பக்கம் கிடக்கிறது? கூஜாவில் தண்ணீர் குறைந்திருக்கிறதா, அல்லது பக்கத்தில் கடையில் வாங்கிய சோடா பாட்டில் இருக்கிறதா? இவற்றை நீங்களும் பாருங்கள். ஆனால் ஒன்று: எல்லாம் போன பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரே வழிதான் உண்டு. அந்த வழியை நான் எவ்வளவு தாமதமாகக் கண்டுபிடித்தேன் என்பதுதான் இந்தப் பதினோராவது சாவியின் கதை.

எழுபத்தொன்பது கோடை. என் மகளுக்குப் பதினோரு மாதம். குறை மாதத்தில் பிறந்தவள். மூச்சு விடுகிறாளா என்று தூளிக்குள் கைவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டுக்காரருக்கு அப்போது வேலை நிரந்தரம் இல்லை. நாங்கள் விடுதிக்குப் பின்னால் இருக்கும் அறையில் குடியிருந்தோம். இப்போது நீங்கள் அரிசி மூட்டை அடுக்கும் அறைதான்.

ஒரு நாள் காலையில் நம் முதலாளி பாய் என்னைக் கூப்பிட்டார். கையில் மெட்ராஸிலிருந்து ஒரு சுற்றுலாக் கம்பெனி அனுப்பிய கடிதம்.

"ஏம்மா, எட்டு ரூம்ல ஆறு ரூம் காலியா கெடக்குது. கடலை மண்டிக்காரரு குடோனுக்குக் கேட்டுக்கினே இருக்காரு. இந்த ஜப்பான் பார்ட்டி அமைஞ்சுதுன்னா விடுதிய நடத்துவோம். அமையலன்னா ஆடியில சாவிய அவரு கையில குடுத்துடுவேன். உங்கிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

விடுதி போனால் என் வேலை போகும். பின்னறையும் போகும். ஆரணியில் என் மாமியார் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே ஏழு பேர் படுக்கிறார்கள். அந்தப் புழுக்கத்தில் குழந்தையை எங்கே கிடத்துவது?

கடிதத்தில் இருந்தது இதுதான். ஜப்பானில் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் மிகப் பெரிய விடுதி நடத்தும் ஓர் அம்மா, தன்னிடம் வேலை பார்க்கும் மூன்று பெண்களுடன் இங்கே வருகிறார். ஆசிரமத்தில் அமர்ந்திருப்பார், மலையைச் சுற்றுவார், நான்கு இரவு நம்மிடம் தங்குவார். அவருடைய விடுதிக்கு வழக்கமாக வருகிறவர்கள் வசதி படைத்தவர்கள். அவர் நல்ல இடம் என்று சொன்னால் அவர்கள் குழுக் குழுவாக வருவார்கள். இல்லையென்றால் இல்லை.

கூடவே நான்கு பக்கம் தட்டச்சு செய்த ஒரு பட்டியல். ஜப்பானில் உயர்ந்த விடுதி ஒன்றில் தங்குகிறவர் எதை வைத்து அதை எடைபோடுவார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. செருப்பை வாசலில் விட வேண்டும். இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்தவுடன் தேநீரும் ஒரு சிறு இனிப்பும். அறையில் ஒரே ஒரு பூ. மெத்தையைத் தரையில், அவர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் விரித்து வைக்க வேண்டும். கூப்பிடுவதற்கு முன்பே தேவை தெரிந்து நிற்க வேண்டும். மாலையில் ஒவ்வொருவருக்கும் தோள் முழுக வெந்நீர்க் குளியல்.

தூளியை ஆட்டிக்கொண்டே அந்த நான்கு பக்கத்தையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்தேன். பாய் கொத்தனாரை வைத்துப் பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார். வெந்நீர் போடும் முனியம்மாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். பின்பக்கச் சந்தில் குடியிருந்தாள். தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னாம்மா இது, நாப்பது கொடம் புடிக்கும்போல. மாடு கழுவறதுக்கா?"

"விருந்தாளிங்க உக்காந்து குளிக்க."

"இந்த வெயில்ல வெந்நீர்ல உக்காரப் போறாங்களா? அவிஞ்சு போயிடுவாங்கம்மா."

பூ விஷயத்திலும் அவளுக்கு ஒப்பவில்லை. "ஒத்தப் பூவ வெச்சா கஞ்சப் பிசினாரின்னு நெனைக்க மாட்டாங்க? நான் நாலு மொழம் மல்லி வாங்கியாறேன்." ஒரே ஒரு செம்பருத்திதான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் பாய் தங்கை மகள் நிக்காஹுக்கு வாணியம்பாடிக்குக் கிளம்பினார். "நீ படிச்ச பொண்ணு, பாத்துக்குவ" என்றார். படித்த பெண் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. படித்ததால் பயம் அதிகமாகிறதே தவிரக் குறைவதில்லை.

நான்கு பேரும் வந்தார்கள். பெரிய அம்மாவுக்கு அறுபதை ஒட்டி இருக்கும். மெலிந்த உடம்பு, சாம்பல் நிற உடை, நிமிர்ந்த முதுகு. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்து வணங்கினார். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. நால்வரில் இளையவளுக்கு மட்டும் மெதுவான ஆங்கிலம் வந்தது. அதே அளவு மெதுவான ஆங்கிலம் எனக்கும் வந்தது. வாசலில் வைத்திருந்த வைக்கோல் செருப்புகளில் ஒன்றை வந்த பத்தாவது நிமிடத்திலேயே குரங்கு தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனது. பட்டியலில் குரங்கைப் பற்றி எதுவும் இல்லை.

மாலையில் தொட்டியை நிரப்பினோம். குழந்தைக்கு ஊற்றும் வெந்நீரைப் பார்ப்பதுபோல் முழங்கையை விட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அதுதான். பெரிய அம்மா முதலில் குளித்துவிட்டு வந்தார். அவர் அறைக்குள் போனதும் நானும் முனியம்மாவும் ஓடினோம்.

"தண்ணி தெளிவா கெடக்குதும்மா" என்றாள் முனியம்மா. "சோப்பு நொரையெல்லாம் தரையில கெடக்குது பாரு. வெளியவே தேச்சுக் குளிச்சுட்டுத்தான் உள்ள எறங்கியிருக்குது அந்தம்மா."

"இருந்தா என்னக்கா? ஒருத்தர் ஒடம்பு பட்ட தண்ணியில இன்னொருத்தர எப்படி எறக்கறது? வந்தவங்களுக்கு இதைவிட அவமானம் உண்டா?"

முனியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அதுவும் சரிதான்" என்று சொல்லித் தொட்டியின் அடைப்பை உருவினாள். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே மாதிரி வளர்க்கப்பட்டவர்கள். நாற்பது குடம் தண்ணீர் சாக்கடையில் போனது. மறுபடி நிரப்பினோம். அப்படி நான்கு முறை. இரண்டு அண்டாவும் அடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

மறுநாள் காலை இளையவள் என்னிடம் வந்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நேற்று, குளிக்கும் தண்ணீரில், ஏதாவது கெட்டுவிட்டதா?"

தண்ணீர் சுத்தமாக இல்லை என்று புகார் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்: ஏன் கேட்கிறீர்கள்? கேட்கவில்லை. "இன்று இன்னும் நன்றாக இருக்கும்" என்றேன். அன்று மாலை தொட்டியை ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவுவது, தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

மதியம் கிணற்றை எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் தண்ணீருக்கு மேலே இரண்டு சிமெண்டு உறை தெரிந்தது. இப்போது ஐந்து.

நம் கிணற்றுக்குச் சந்துப் பக்கம் ஒரு கதவு இருப்பது உங்களுக்குத் தெரியும். பாயின் அத்தா, அதாவது அவர் தகப்பனார், கிணறு வெட்டியபோதே வைத்த கதவு. விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை சந்தில் இருக்கிற யாரும் வந்து இறைத்துக்கொள்ளலாம். எட்டு மணிக்கு மேல் மோட்டார் போட்டு விடுதிக்கு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, பூட்டு இருந்ததில்லை. காலையில் சந்துப் பெண்கள் வந்து எடுத்தால் மாலையில் என் தொட்டி நிறையாது என்று கணக்குப் போட்டேன். பாய்க்குத் தந்தி கொடுத்துக் கேட்டிருக்கலாம். முனியம்மாவிடமாவது கேட்டிருக்கலாம். யாரையும் கேட்கவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி வந்து, அன்றிரவு முனியம்மா வீட்டுக்குப் போன பிறகு சந்துக் கதவைப் பூட்டினேன்.

அன்று மாலை குழந்தையையும் நான் குளிப்பாட்டவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்து கிடந்தது.

விடிந்ததும் கதவு தட்டும் சத்தம். தட்டவில்லை, குடத்தால் இடித்தார்கள்.

"யாருப்பா உள்ள? கதவத் தொற!"

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "மோட்டார் ரிப்பேருங்க, கெணத்துக்குள்ள ஆள் எறங்கணும், இன்னிக்கு தண்ணி இல்ல" என்றேன். பெண்கள் முனகிக்கொண்டே நின்றார்கள், போகவில்லை.

அரை மணி கழித்து முனியம்மா முன்வாசல் வழியாக வந்தாள். அடுப்புப் பக்கமே போகவில்லை. நேராக என் எதிரில் வந்து நின்றாள்.

"எங்க வூட்ல ஒல வெக்கத் தண்ணி இல்ல. நான் அந்தாண்ட நின்னுக்கினு இருந்தேன். மோட்டார் ரிப்பேருன்னு நீ சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

"அக்கா, இன்னும் ரெண்டே நாள்தான்..."

"மோட்டார் போட்டா கிணறு எறைக்கற சத்தம் சந்துக்குக் கேக்காதா? ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் ஓடிச்சு. சாக்கடையில வெந்நீர் ஓடறத எங்க சந்துப் புள்ளைங்க கால வெச்சு வெளையாடிச்சுங்க. நான் உங்கிட்ட வேல செய்யறவதான். ஆனா வூடு அந்தாண்ட இருக்குது. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு அவங்க நடுவுல போவேன், சொல்லு."

அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. பெரிய அம்மா அதிகாலையில் மலைப்பக்கம் நடக்கப் போனவர், சந்து வழியாகத் திரும்பி வந்திருந்தார். காலிக் குடங்களையும் அந்தப் பெண்களையும் பார்த்திருப்பார். முன்வாசலில் என்னைக் கண்டதும் வழக்கத்தைவிட ஆழமாகக் குனிந்து வணங்கினார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டார். என் வேலையும் வீடும் அந்த வணக்கத்தோடு போய்விட்டன என்றே நினைத்தேன்.

அவர்கள் ஆசிரமத்துக்குக் கிளம்பியதும் அறைகளுக்குள் போனேன். நாற்காலி நகரவில்லை. செம்பருத்தி வாடியிருந்தது. கொடியில் நான்கு குளியல் துண்டுகள் மடித்துப் போட்டிருந்தன. ஒன்று ஈரம். மற்ற மூன்றையும் கையில் எடுத்தேன். காய்ந்து, நான் முந்தின நாள் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தன.

மூன்று பேர் குளிக்கவே இல்லை. உள்ளே போனார்கள், கதவைச் சாத்தினார்கள், பத்து நிமிஷம் கழித்து வந்தார்கள். நான் ஒவ்வொரு முறையும், யாரும் தொடாத நாற்பது குடம் தண்ணீரை, வடிகட்டி ஊற்றிய தண்ணீரை, சாக்கடையில் விட்டிருக்கிறேன்.

உங்கள் வயதில் எனக்கு இருந்த பழக்கம், பயம் வந்தால் வேலையை இரட்டிப்பாக்குவது. அன்று இரட்டிப்பாக்க ஒன்றும் மிச்சம் இல்லை. காய்ந்த துண்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு இளையவள் எதற்கோ திரும்பி வந்தாள். துண்டை நீட்டிக் கேட்டேன்: "ஏன் குளிக்கவில்லை?"

அவள் முகம் சிவந்துவிட்டது. துண்டை வாங்கி மறுபடி மடித்தாள். பிறகு சொன்னாள்: "எங்கள் ஊரில் ஒரு தொட்டித் தண்ணீரில் எல்லோரும் இறங்குவோம். வெளியே குளித்துச் சுத்தமான பிறகு. விருந்தாளி முதலில். பிறகு வீட்டில் உள்ளவர்கள். முதல் நாள் நீங்கள் ஒவ்வொரு முறையும் கொட்டினீர்கள். நாங்கள் தொட்ட தண்ணீரை வைத்துக்கொள்வது உங்கள் வழக்கத்தில் கூடாது என்று நினைத்தோம். கேட்டால் உங்களுக்குச் சங்கடம். அதனால் நேற்று நாங்கள் தொடவே இல்லை. தொடாவிட்டால் கொட்டமாட்டீர்கள் என்று நினைத்தோம். ஆனாலும் கொட்டும் சத்தம் கேட்டது. அம்மா இரவு தூங்கவில்லை."

"அம்மாவுக்குக் கோபமா?"

"கோபமா? அம்மாவுக்குப் பயம். எங்கள் விடுதியில் பெரிய விருந்தாளி வருகிற நாளில் அவரால் காலையில் சாப்பிட முடியாது. வயிறு ஏற்காது. இங்கே விருந்தாளியாக வந்தும் அப்படித்தான். உங்களுக்கு என்ன தொந்தரவு கொடுக்கிறோமோ என்று."

நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அதைக் கேட்டதும் மூன்று நாளில் முதல் முறையாக எனக்குப் பசித்தது.

எழுந்து போய்ச் சந்துக் கதவைத் திறந்தேன். நிழல் இருந்த பக்கம் ஏழெட்டுப் பேர் இன்னும் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா, மோட்டாருக்கு ஒடம்பு சரியாப் போச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்குது. நான்தான் பூட்டினேன். வந்தவங்களுக்குத் தண்ணி பத்தாதுன்னு பயந்துட்டேன். கெணத்துல கம்மியாத்தான் இருக்குது. ஆளுக்கு ரெண்டு கொடம் எடுத்துக்குங்க."

"ஜப்பான்காரிக்கு மட்டும்தான் முதுகு அரிக்குமா?" என்றாள் இன்னொருத்தி. அதற்கும் சிரிப்பு. ஆனால் அவர்களில் மூத்தவள் சிரிக்கவில்லை. "இத நேத்தே சொல்லியிருந்தியானா ஒரு கொடம் போதும்னு போயிருப்போமே, பொண்ணே" என்றாள். அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு உறைத்தது.

அன்று மாலை ஒரே ஒரு தொட்டிக்குத்தான் தண்ணீர் இருந்தது. நீர்மட்டம் இறங்கி மோட்டாரில் காற்று வந்ததால் முனியம்மா கடைசிப் பத்துக் குடத்தைக் கயிற்றில் இறைத்தாள். நால்வரும் துண்டோடு வந்து நின்றார்கள். நான் இடுப்பில் குழந்தையோடு, தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய அம்மா குழந்தையின் முதுகைப் பார்த்தார். வேர்க்குருமேல் ஒரு விரலை வைத்தார். இளையவளிடம் ஏதோ சொன்னார்.

"குழந்தை முதலில்" என்றாள் இளையவள். "அம்மா குளிப்பாட்டுவார்."

முனியம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "கொழந்த எறங்கின தண்ணியில விருந்தாளிங்கள எறக்கப் போறியா? வேணாம்மா, நல்லா இருக்காது."

எனக்கும் அதே நினைப்புத்தான். போதாததற்கு, முன்பின் தெரியாதவர் கையில், தோள் முழுகும் தண்ணீரில் என் குழந்தை. ஆனால் அந்த அம்மா அதற்குள் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். எனக்குக் கொடுத்துப் பழக்கமான கைகள் இல்லை அவை. இருந்தும் கொடுத்தேன்.

கதவுக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முதலில் வெளியே உட்கார வைத்து ஊற்றும் சத்தம். குழந்தை சிணுங்கினாள். பிறகு தண்ணீரில் மெதுவாக இறங்கும் சத்தம். பிறகு சத்தமே இல்லை. நான் கதவில் கை வைத்துவிட்டேன். அப்போது என் மகள் கெக்கெக்கென்று சிரித்தாள்.

சிரிப்பைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வெந்நீர் இடுப்புக்கு மேல் ஏறினால் அரை நிமிஷத்தில் அவள் ஒன்றுக்குப் போய்விடுவாள். போகும்போது அப்படித்தான் சிரிப்பாள். ஒரு நாளும் தப்பியதில்லை.

கதவு திறந்தது. பெரிய அம்மா உடை மாற்றிக்கொண்டு, துண்டில் சுற்றிய குழந்தையை என்னிடம் நீட்டினார். முகம் எப்போதும்போல் இருந்தது. அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால் மூன்று பேர் துண்டோடு நிற்கிறார்கள். கிணற்றில் வேறு தண்ணீர் இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. சொன்னால், பட்டியலில் உள்ள நான்கு பக்கமும் ஒரே நொடியில் கிழிந்துபோகும். எந்த உயர்ந்த விடுதியில் இப்படி நடக்கும்?

முதல் பெண் உள்ளே காலை வைத்தாள்.

"போகாதீர்கள்" என்றேன். "குழந்தை தண்ணீரில்..." ஆங்கிலத்தில் அதற்கு மரியாதையான சொல் எனக்குத் தெரியவில்லை. தொட்டியைக் காட்டினேன், குழந்தையைக் காட்டினேன். இளையவளுக்குப் புரிந்தது. மொழிபெயர்த்தாள்.

பெரிய அம்மா என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏதோ நீளமாகச் சொன்னார். மற்ற மூவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன சொல்கிறார்?" என்றேன், குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"உங்களுக்குத் தெரியாமல் எங்களிடம் எப்படிச் சொல்வது என்று, தொட்டிக்குள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாராம்."

முனியம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் சந்துக் கதவுக்கு ஓடினாள். "ஏய், ஜப்பான்காரங்களுக்கு மூணு கொடம் குடுங்கடீ! காலையில ரெண்டு ரெண்டா தூக்கினீங்க இல்ல?" மூன்று குடம் வந்தன. ஒருத்தி கூடவே நாலு முழம் மல்லியும் கொடுத்தாள். அன்று அறையில் ஒற்றைப் பூ இல்லை. தொட்டித் தண்ணீர் முருங்கைக்குப் போனது.

அவர்கள் கிளம்பிய அன்று வழக்கம்போல் அறைக்குள் முதலில் நுழைந்தேன். போர்வை, நாற்காலி, கூஜா, எல்லாம் நான் வைத்தது போலவே இருந்தன. விடுதி நடத்துகிறவர்கள் அறையைக் காலி செய்தால் அதில் படிக்க ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டார்கள். வருகையாளர் புத்தகத்தில் நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் எழுதுவதுதான்.

இரண்டு நாள் கழித்துப் பாய் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டிக்குச் சிரித்தார், குழந்தைக்குச் சிரித்தார். பூட்டுக்குச் சிரிக்கவில்லை. "எங்க அது?" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார்.

"எவ்வளவு நேரம்மா பூட்டியிருந்துச்சு?"

"ஒரு ராத்திரி. ஒரு காலை, பாய்."

"எங்க அத்தா மவுத்தான அன்னிக்குக்கூட இந்தக் கதவு தொறந்துதாம்மா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். கிணற்றடிக்குப் போய்ப் பூட்டை உள்ளே போட்டார். இருவரும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். தண்ணீரில் விழும் சத்தம் வரவில்லை. சேற்றில் பொத்தென்று விழுந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல், ஒவ்வொரு நாளும், சொல்லாமல் இருந்திருக்கலாமோ, முதல் நாளே கேட்டிருக்கலாமோ என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனி கடைசியில் கம்பெனிக் கடிதம் வந்தது. குழுக்கள் வரும், ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் அனுப்பமாட்டோம், மாலையில் தொட்டி ஒரு முறை நிரப்பினால் போதும். அவ்வளவுதான். அறை எப்படி, சாப்பாடு எப்படி, பூ எப்படி என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு சிறு சீட்டு குத்தியிருந்தது. இளையவளின் கையெழுத்து. "அம்மா கேட்கிறார்: குழந்தைக்கு வேர்க்குரு ஆறிவிட்டதா?"

ஆறிவிட்டது என்று எழுதிப் போட்டேன். பாய் கடலை மண்டிக்காரரை வேறு இடம் பார்க்கச் சொன்னார்.

ஆகவே, செல்வி, உன் கேள்விக்குப் பதில் இது. நல்லா தங்கினாங்களா என்பதை இருக்கும்போதே அவர்களிடம் கேள். அதற்கு முன், நீ எதை மறைத்துக்கொண்டிருக்கிறாய் என்பதை அவர்களிடம் சொல். நீ சொல்லாதவரை அவர்களும் சொல்லமாட்டார்கள். எட்டு வருஷத்தில் எத்தனையோ முறை இதை நானே மறந்திருக்கிறேன். பயந்த சுபாவம் ஒரு தொட்டித் தண்ணீரில் போய்விடாது.

கிணற்றை அதற்குப் பிறகு இரண்டு தடவை தூர் வாரியாகிவிட்டது. பூட்டு அகப்படவில்லை. சாவியை நான் கொத்திலிருந்து கழற்றவில்லை. சின்னது, பித்தளை, மற்றவற்றைவிடப் பளபளப்பாக இருக்கும். ஒரு முறைகூடத் தேயாத சாவி. நீங்களும் கழற்ற வேண்டாம்.

நாளை மறுநாள் காலையும் எட்டு மணி வரை சந்துக் கதவு திறந்திருக்க வேண்டும். முனியம்மாவின் மருமகள்தான் முதலில் வருவாள். உள்ளே விடுங்கள்.

உங்கள்
விஜயா அக்கா